ஜெலுத்தோங் சந்தையில் நான் செய்த கைது

சீருடை கிடைத்த முதல் மாதத்தில் ஓர் ஆளை மட்டும் நம்பவே கூடாது. சீருடைக்குள் இருக்கும் ஆளைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. துறைமுகப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் துணைப் போலீசாகச் சேர்ந்திருந்தேன். மலாயில் போலிஸ் பந்துவான் என்பார்கள். சம்பளம் நிறுவனத்துடையது, அதிகாரம் போலீஸ் கொடுத்தது. அந்த அதிகாரமும் கிடங்கின் வேலியைத் தாண்டினால் செல்லாது. இதைச் சொல்லிக்கொடுக்கவே பயிற்சியில் ஒரு முழு வகுப்பு நடந்தது. நான் அந்த நேரத்தில் தொப்பியை எந்தப் பக்கம் சாய்த்தால் முகம் ஒல்லியாகத் தெரியும் என்று ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். (எந்தப் பக்கம் சாய்த்தாலும் தெரியவில்லை.)

அன்று காலை வேலை முடிந்தது. கைவிலங்கைப் பொருளறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அங்கே வரிசை நீளம், எனக்கோ பசி. நாளைக்குக் கொடுத்தால் போயிற்று என்று இடுப்பிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறி ஜெலுத்தோங் சந்தையில் இறங்கினேன்.

இறங்கியதும் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள். எங்கள் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்காவுடையது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டு போனார். சாவி போடும் இடத்தில் சாவி இல்லை.

“அங்கிள், நில்லுங்க. இது யாரு மோட்டார்?”

“பரமேஸ்வரியோடது. சாவி தொலஞ்சிருச்சாம். பூட்டு மாத்தணும்லா, அதான் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிட்டுப் போறேன்.”

பெயரைச் சரியாகச் சொன்னதும் என் சந்தேகம் கூடிவிட்டது. விவரமெல்லாம் சேகரித்துக்கொண்டு வந்த திருடன் என்று முடிவு கட்டினேன். அக்காவுக்குப் போன் அடித்தேன். அவர் பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்பவர். வேலை நேரத்தில் போன் லாக்கரில் கிடக்கும். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. எடுக்காத அந்தப் போனையே சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

“அங்கிள், உங்கள அரெஸ்ட் பண்றேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “ஏம்மா, காலையில சாப்ட்டியா?”

விலங்கை மாட்டினேன். இரண்டு முறை ‘க்ளிக்’ என்று கேட்டது. பிறகுதான் சட்டைப் பையைத் தடவினேன். அடுத்து கால்சட்டைப் பை, அதற்கடுத்து சாப்பாட்டுப் பை. சாவி வேலையிடத்து லாக்கரில் இருந்தது.

போலீஸ் நிலையம் பத்து நிமிட நடை. வாடிக்கையாளர் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். விலங்கு மாட்டிய கைகளோடு அவர் தள்ள, நான் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாங்கள் அந்த வட்டாரத்துக்குக் குடிவந்து மூன்று மாதம்தான். அவரோ இருபது வருடமாக அங்கே ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர் என்பது ஒவ்வொரு கடையைத் தாண்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது.

“என்னா ராஜு அண்ணே, கையில?” என்று மீன் கடை அக்கா கேட்டார்.

“எனக்கே இன்னும் சரியா சொல்லல. போய்க் கேட்டாத்தான் தெரியும்.”

என் கால்கள் நடந்தன. மற்றதெல்லாம் ஏற்கெனவே ஓடிப்போய்விட்டது.

நிலையத்தில் இருந்த சார்ஜன் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. என் தோளில் இருந்த துணைப் போலீஸ் அடையாளத்தைப் பார்த்தார், விலங்கைப் பார்த்தார், மலாயில் கேட்டார்.

“என்ன குத்தத்த உன் கண்ணால பார்த்த?”

“மோட்டாரத் தள்ளிட்டுப் போனாரு, புவான்.” மேடம் என்பதற்கு மலாயில் புவான்.

“தள்ளுறது குத்தமா?”

“சாவி இல்ல, புவான்.”

“அதனாலதான தள்ளுறாரு.”

சார்ஜன் தன் சாவியை எடுத்து விலங்கைத் திறந்தார். சட்டத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் எத்தனையோ வித்தியாசம். சாவி மட்டும் ஒரே மாதிரி.

“உன் கேட்டுக்கு வெளிய நீயும் மத்தவங்க மாதிரிதான்,” என்றார். “கண்ணால பெரிய குத்தத்தப் பார்த்தா யாரும் புடிக்கலாம். நீ பார்த்தது ஒரு மெக்கானிக்க.” பிறகு ராஜு அங்கிள் பக்கம் திரும்பினார். “நீங்க இந்தப் பொண்ணு மேல ரிப்போர்ட் எழுதலாம். உங்க இஷ்டம்.”

பெரிய மனது பண்ணுவார் என்று நம்பினேன். முகத்தையும் அதற்கேற்றபடி வைத்துக்கொண்டேன். அவர் மணிக்கட்டைத் தேய்த்தபடி யோசித்தார்.

“எழுதுறேன் மேடம். சும்மா விட்டா நாளைக்கு இன்னொருத்தருக்கு மாட்டும்.”

“உண்மையான போலீசா இருந்தா எழுதுவீங்களா, அங்கிள்?” என்று அழுகையோடு கேட்டேன். பதில் சார்ஜனிடமிருந்து வந்தது. “நானே இதச் செஞ்சிருந்தாலும் எழுதத்தான் சொல்லியிருப்பேன்.”

எழுதினார். கடைசி வரியாக, ‘பெண் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினாள்’ என்றும் சேர்த்தார். மதியம் பரமேஸ்வரி அக்கா திரும்ப அழைத்து, “பூட்டு மாத்தியாச்சாமா?” என்று கேட்டார்.

அடுத்த மூன்று வாரம் வீட்டில் போன் மணி அடித்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வழக்கு வருமா, வேலை போகுமா, அம்மா இதை ஈப்போவில் இருக்கும் சித்தியிடம் சொல்லிவிடுவாரா என்று ஒவ்வொரு நாளும் புதிதாகப் பயந்தேன். (அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.)

நிறுவனத்தின் விசாரணைக்கு ராஜு அங்கிளும் வந்தார். என்னை வேலையை விட்டு நீக்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார்.

“வேணாம் சார். ஒழுங்கா கத்துக்குடுங்க, போதும். புடிக்கிற தைரியம் இருக்கு. யாரப் புடிக்கணும்னுதான் தெரியல.”

எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பித்தேன். போலீஸ் பக்கம் வழக்கு ஏதும் வரவில்லை. ஆறு மாதம் அலுவலகத்தில் உட்கார்ந்து லோரிகளுக்கு அனுமதிச் சீட்டு எழுதினேன். அன்றைக்குக் கவனிக்காத வகுப்பில் இன்னொரு முறை, முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

நான்கு வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு ராஜு அங்கிளை நானே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அழைத்தேன். பட்டுச் சட்டையில் வந்தார். மேடை ஏறினார். வாழ்த்துச் சொல்வார் என்று பார்த்தால், இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார். புகைப்படக்காரர் சரியாக அந்த நொடியில் அழுத்திவிட்டார்.

என் மாமியார் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்பார்கள், யார் இவர், ஏன் கையை இப்படி நீட்டுகிறார் என்று. நான் சமையலறைக்குள் போய்விடுவேன். மாமியாரின் குரல் அங்கேயும் கேட்கும்.

“எங்க மருமக புடிச்ச மொத ஆளு. ஒன்னும் செய்யாத மனுசன், பாவம்.”

“அதுக்கப்புறம் யாரையும் புடிக்கலையா?”

“புடிச்சா. என் மவன.”