பிழையே இல்லாத கைநூல்

யுத்தம் நடந்த காலத்திலும் அரசாங்கம் தமிழைக் கைவிட்டுவிடவில்லை. களஞ்சியத் திணைக்களத்தின் வெள்ளவத்தைக் கிளை, மூட்டைக் கணக்கு வைக்கும் மென்பொருளுக்குத் தமிழில் ஒரு கைநூல் வெளியிடத் திருவுளம் கொண்டது. எழுதியவள் கொச்சிக்கடை டோரின், தற்காலிக எழுதுவினைஞர். எழுத்துப்பிழை என்று ஒரு முறைப்பாடும் வராவிட்டால் வேலை நிரந்தரம் என்றார்கள். பாவம், நம்பிவிட்டாள்.

முதல் பக்கத்திலேயே எழுத்தொருமைக் குழுத் தலைவர் செல்லையா கண்ணாடியைக் கழற்றினார்.

"கணினி எண்டும் கிடக்கு, கணனி எண்டும் கிடக்கு. என்ன பிள்ளை இது?"

"எது சரியெண்டு சொல்லுங்கோ சேர், மாத்திவிடுறன்."

"கணனிதான்."

"எங்கட ஆக்கள் கம்பியூட்டர் எண்டுதான் செல்ற," என்றார் உறுப்பினர் ஹமீட்.

"கணினின்னு போடாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டேங்க," என்றார் ஹட்டனிலிருந்து வந்த அழகுமுத்து.

தேநீர் வந்தது, வடை வந்தது, தீர்வு வரவில்லை. நாட்டின் மற்றப் பேச்சுவார்த்தைகளும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன. கடைசியில் தலைவர் ஒரு சமாதான யோசனையை முன்வைத்தார். சர்ச்சைக்குரிய சொல்லுக்குப் பதிலாக ஒரு கோடு; வாசகர் தத்தம் மரபுப்படி நிரப்பிக்கொள்ளலாம். மூவரும் கைதட்டினார்கள். கைதட்டி முடித்த உற்சாகத்தில் மற்றச் சொற்களிலும் சர்ச்சை பண்ணத் தொடங்கினார்கள். 'அழுத்தவும்' கூடத் தப்பவில்லை.

கைநூல் வெளிவந்தது, முன் அட்டை முதல் பின் அட்டை வரை கோடுதான். அரசாங்கத் தமிழில் பிழையில்லாமல் வந்த முதல் நூல் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன.

துறைமுகக் களஞ்சியத்தில் மூட்டைக் கணக்கு வைக்கும் வின்சன்ற் தொலைபேசியில் கத்தினார். "தங்கச்சி, புத்தகத்தில இருக்கிற கோடெல்லாத்தையும் அழுத்திப் பாத்திட்டன். மிசின் அசையுதில்லை!"

டோரின் செல்லையாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"எழுத்துப்பிழை ஏதும் சொன்னவரோ?"

"இல்லை சேர்."

"அப்ப அது முறைப்பாடே இல்லை. உமக்கு வேலை நிரந்தரம்!"

நியமனக் கடிதமும் குழுவின் கையால் திருத்தப்பட்டே வந்தது. கீழே பெரிய முத்திரை, மேலே வெறும் கோடுகள். பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை.

"சேர், இதில ஒண்டும் இல்லையே?"

"பிழை இருந்தால் காட்டும்."

காட்ட ஒன்றும் இருக்கவில்லை. அழுகை அழுகையாக வந்தது அவளுக்கு. வீடு திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்த சிப்பாய் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். மற்ற நாட்களில் அரை மணித்தியாலம் நிற்கவைப்பவன், முத்திரையைக் கண்டதும், "ஹரி, யன்ன," என்று சிங்களத்தில் சொல்லி உடனே போகவிட்டான்.

மாதக் கடைசியில் சம்பளம் கடிதத்தில் உள்ளபடியே வந்தது. சம்பளப் பட்டியலையும் அதே குழு திருத்தியிருந்தபடியால், தலைவர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் கோடுதான். மூவரும் கொதித்தெழுந்து மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதக் கூடியிருக்கிறார்கள். டோரின் பேனையும் கையுமாகக் காத்திருக்கிறாள். அவர்கள் இன்னும் முதல் சொல்லைத் தாண்டவில்லை.