ஏரிக்கரையில் வீடு பார்த்த சம்பந்தி

பர் துபாய்

அன்பு மச்சான் முகம்மது ரிபாய்க்கு, செய்கு முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் கூடப்பிறந்த லாத்தா ஜொஹராவும் மகள் நஜீஹாவும் அல்லாஹ் காவலில் சுகம். உன் சுகத்தையும் கீழக்கரையில் நீ மேற்பார்த்துவரும் நம் கட்டடத்தின் சுகத்தையும் அறிய விரும்புகிறேன். நீ சுகமாகத்தான் இருப்பாய், கட்டடத்தைத்தான் கேட்கிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து சிரிப்பாய் என்பதால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் திருத்தாதே, நீ நாலாம் வகுப்பு.

விஷயம் இதுதான். நஜீஹாவுக்குப் பேசியிருக்கும் சாகிரின் உம்மா, ஆமிரா லாத்தா, விசிட் விசாவில் ஷார்ஜாவில் இருக்கும் மகனிடம் வந்திருக்கிறார். இதுவரை வந்த நாலு மாப்பிள்ளைகளையும் நஜீஹா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சாகிருக்குத்தான் தலையாட்டினாள். ஆகவே சம்பந்தியை நன்றாக உபசரிக்க வேண்டும். எங்கள் ஃபிளாட்டில் ஹாலுக்கு நடுவே பலகை அடித்து அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிறது. நாம் கல்யாணம் பேசினால் அங்கிருந்து பதில் வரும். எங்கள் கடைக்கு வரும் ஹசன் அலிதான் வழி சொன்னார்: "ஹத்தா ஏரிக்கரையில கேரவன் ஒண்ணு ஒரு நாளைக்கு எடுங்க பாய். கட்டில், அடுப்பு, கக்கூஸ், ஏசி எல்லாம் உள்ளேயே ஈக்குது." எடுத்தேன்.

சுற்றிலும் மலை, நடுவே பச்சைத் தண்ணீர், வெள்ளைக்காரர்கள் படகில் போகிறார்கள். ஜொஹரா வீட்டிலிருந்து கொண்டுவந்த நெய்ச்சோற்றுச் சஹன் கேரவன் வாசலில் நுழையவில்லை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் தட்டு. வெள்ளைக்காரன் வாசலை ஒரு ஆள் சாப்பிடும் அளவுக்குத்தான் வைத்திருக்கிறான். சாய்த்துப் பார்த்தோம், கறி என் சட்டைக்கு வந்தது. பாய் விரித்து வெளியே உட்கார்ந்தோம். அதற்குள் ஐந்து பேர் குழாயைத் தாராளமாகத் திறந்து தொழுகைக்கு ஒளு செய்ததில் அஸருக்கு முன்பே தண்ணீர்த் தொட்டி காலி. சாகிர் வாளி வாளியாகச் சுமந்துவந்தான். நல்ல பிள்ளை, வாய் பேசாமல் சுமக்கிறான்.

சாப்பிட்டபின் ஆமிரா லாத்தா வலது காலை வைத்து, பிஸ்மி சொல்லி உள்ளே போனார். சுவரைத் தட்டினார். அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார்.

"செவரு டொங்குங்குதே, தம்பி?"

"எல்லாம் அப்படித்தான் லாத்தா. கட்டிலை மடிச்சா மேசை ஆகிடும்."

"அப்ப மாப்பிள்ளை பகல்ல எங்கே சாய்வாரு?"

"மேசையை மடிச்சா கட்டில் ஆகிடும்."

"நாளைக்குப் புள்ளைகுட்டின்னு ஆனா?"

"மேலே ஒரு பெட் ஈக்குது லாத்தா, ஏணி தனி."

கேரவனை ரசிக்கிறார் என்று நினைத்துப் பெருமையாகக் காட்டிக்கொண்டே போனேன். கடைசியில் கேட்டார்: "சரி, எப்பக் குடி வரணும்?"

"மூணு மணிக்கு வந்தோம். நாளைக்குப் பதினொரு மணிக்குக் காலி பண்ணணும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் விடமாட்டாங்க."

"கல்யாணம் கட்டி மறுநாளே காலி பண்ணணுமா!" என்று கத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே குடிவைப்பது நம் ஊர் வழக்கமல்லவா, அந்த வீட்டைக் காட்டத்தான் கூட்டிவந்திருக்கிறேன் என்று நம்பிவிட்டார். முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். நஜீஹா அழவில்லை, என்னைப் பார்த்தாள், அது அதைவிட மோசம். இது வாடகை, வீடு ஊரில் எழும்புகிறது என்று நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன். அதில் ஹால் நடுவே ஒரு ஆடு நிற்கிறது.

"கூரை எங்கே?" என்றார் ஆமிரா லாத்தா.

"வந்துக்கிட்டே ஈக்குது."

"எத்தனை மாசமா வருது? ரெண்டு மாசத்துல கூரை போட்ட வீட்டைக் காட்டுங்க. இல்லாட்டி கல்யாணப் பேச்சு கலாஸ்."

ஆகவே மச்சான், டீக்கடையை விட்டு எழுந்திரு. சிமெண்ட் இறக்கு, கொத்தனாரைக் காலில் விழுந்தாவது கூட்டிவா, கான்கிரீட் போடு. மாடியில் இரண்டு அறை, டைல்ஸ் ஜொஹரா சொன்ன நிறம். நஜீஹாவின் வாழ்க்கை உன் கையில் இருக்கிறது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் சுறுசுறுப்பையும் தருவானாக. பிள்ளைகளுக்கு முத்தம். வஸ்ஸலாம்.

செய்கு முகம்மது

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ஆமிரா லாத்தா போன். காரில் உட்கார்ந்திருந்தபோதுதான் கேரவனுக்குச் சக்கரம் இருப்பதைக் கவனித்தாராம். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லையாம். "மவன் பொஞ்சாதி வீட்டோட போயிட்டா எனக்கு ஒரு வேளை சோத்துக்கு வர்ற விருந்தாளிதானே, தம்பி? சக்கரம் வச்ச வீடுன்னா எங்க வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டலாமே. அந்த மாதிரி ஒண்ணையே வாங்கிக் கொடுத்துருங்க." கான்கிரீட்டை நிறுத்து. சிமெண்ட் இறக்கியிருந்தால் திருப்பி அனுப்பு. தெரு எவ்வளவு அகலம் என்று அளந்து சொல். நஜீஹாவுக்கும் சம்மதம். லைசென்ஸ் அவளிடம்தான் இருக்கிறது, சாகிருக்கு ஓட்டத் தெரியாது. எந்த வாசலில் நிறுத்துவது என்பதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். இதை ஆமிரா லாத்தாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.