கல்லூரிக்கு நான் கொடுத்த கப்பல் பெயிண்ட்

கல்லூரியைப் படித்து முடித்தவர்களைவிட, பாதியில் விட்டுவிட்டு வந்தவர்களுக்குத்தான் அதன் மேல் பாசம் அதிகம். முடித்தவன் பட்டத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுகிறான். எங்களைப் போன்றவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் வருவதால் கல்லூரியையே தலையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறோம். இதை நான் ஒருமுறை பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "உறுப்பினர் அல்லாதவர் பேசக்கூடாது, உட்காருங்கள்" என்றார்கள். (எங்கே உட்காருவது? எனக்குத்தான் அங்கே நாற்காலியே கிடையாதே!)

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கல்லூரி, தமிழ்நாட்டின் தென்பக்கத்தில் இருந்தது. பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள். இண்டர்மீடியட்டில் சேர்ந்த வருடமே அப்பா இறந்துபோனார். பீஸ் கட்ட ஆள் இல்லை. விடுதியிலிருந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இதில் கண்ணீர் விட ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பலரும் அப்படிப் பெட்டி தூக்கினார்கள். பிறகு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் ரொட்டிக் கடை, ஈப்போவில் லாரி கிளீனர், ஜொகூரில் ரப்பர்த் தோட்டம், அங்கே மலேரியா, உடம்பு தேறியதும் மறுபடி லாரி. ஐம்பதுகளின் நடுவில் சிங்கப்பூருக்கு வந்து, செம்பவாங் கப்பல் பட்டறையில் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையில் சேர்ந்தேன்.

ஒருநாள் சிராங்கூன் சாலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் ஒருவர் எங்கள் கல்லூரி விடுதிச் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விசாரித்ததில், அருகே ஒரு சந்தில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் சங்கம் மாதாமாதம் கூடுகிறது என்று தெரிந்தது. அடுத்த கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

தலைவர் சபாபதி, பி.ஏ., அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிளார்க். செயலாளர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், பி.ஏ. ஆனர்ஸ். (ஆனர்ஸைச் சேர்க்காமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.)

"நீர் என்ன பாஸ் பண்ணினனீர்?" என்று கேட்டார் கனகசபை.

"பாஸ் பண்ணலீங்க. பாதியில வந்துட்டேன்."

"அப்ப நீர் பழைய மாணவர் இல்லை. வெறும் பழைய ஆள்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து பெஞ்சு போடுவதும் தேநீர் ஊற்றுவதும் தரை கூட்டுவதும் பழைய ஆளின் வேலை. பட்டதாரிகள் வருவார்கள், கல்லூரி மாமரத்தைப் பற்றி உருகுவார்கள், வடை தின்பார்கள். யாராவது "நம் கல்லூரிக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?" என்று ஆரம்பித்தால் போதும், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கடைசி பஸ் ஞாபகம் வந்துவிடும். பாதி வடையோடு மண்டபம் காலியாகும்.

இப்படி இருக்கும்போது, கல்லூரி முதல்வர் மலாயாவில் சுற்றுப்பயணம் செய்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. அறிவியல் ஆய்வுக்கூடம் கட்டுவதற்கு உதவி கேட்டு வருகிறாராம். அவரோடு சங்கத்தார் குரூப் போட்டோ எடுத்துக்கொள்வது, அதைப் பெரிதாக்கிக் கல்லூரி மண்டபத்தில் மாட்டுவது என்று தீர்மானம் நிறைவேறியது.

எனக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று. நான் பெட்டி தூக்கிக்கொண்டு வெளியேறிய அதே கல்லூரியின் மண்டபம்! என் முகம் அங்கே சுவரில் இருந்தால், பட்டம் இல்லாவிட்டாலும் நானும் அந்தக் கல்லூரிப் பிள்ளைதான் என்று ஆகிவிடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"ஓரமா நிக்கிறேன் சார். பாதி முகம் தெரிஞ்சாக்கூடப் போதும்" என்று சபாபதியிடம் கேட்டேன்.

"அதெப்படிலா?" என்று சிங்கப்பூர் 'லா' போட்டார் அவர். "போட்டோவுக்குக் கீழ பேரு போடணும். பேருக்குப் பக்கத்துல படிப்பு போடணும். உனக்கு என்ன போடறது? பெயிண்டருன்னா?"

"போடுங்களேன்! பொய்யில்லையே!"

அவர் போடுவதாக இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் இதே சண்டை. முன் வரிசை நாற்காலிகளில் யார் உட்காருவது என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு. எம்.ஏ. நடுவிலா, சம்பளம் கூடியவர் நடுவிலா என்று இரண்டு கட்சி. நாற்காலிகளைச் சுமந்து சுமந்து தோள் காய்த்தவன் நான் ஒருவன்தான். ஒருநாள் பொறுமை போய்க் கத்திவிட்டேன்: "தூக்கிப் போடறவனுக்கு நிக்கவே இடமில்லையா? ஒருத்தரையும் அந்த நாற்காலியில உக்கார விடமாட்டேன், பாத்துக்கிட்டே இருங்க!"

(வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது.)

கோபம் இறங்கியதும் பயம் வந்தது. சமாதானம் செய்துகொள்ள ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்து நாற்காலிகள் பல வருடத்துத் தேநீர்க் கறையோடு பார்க்கவே பரிதாபமாக இருக்கும். முதல்வர் வருமுன் அவற்றுக்கு நானே பெயிண்ட் அடித்துத் தருகிறேன், இலவசமாக, என்றேன். இலவசம் என்றதும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. "வேலைய முடி, போட்டோ விஷயத்த அப்புறம் பாப்போம்" என்றார் சபாபதி. இது போதாதா எனக்கு!

பட்டறையில் டின்னின் அடியில் மிஞ்சிய பெயிண்டை எடுத்துக்கொள்ள எங்கள் மேஸ்திரி, அங்கே சொல்கிறபடி சொன்னால் மண்டோர், அனுமதி கொடுத்தார். போர்க்கப்பலின் பக்கவாட்டுக்கு அடிக்கிற சாம்பல் நிறப் பெயிண்ட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அறை நண்பன் மாரிமுத்துவையும் இழுத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

"ஏண்டா, இது கடல்ல கெடக்குறதுக்கு அடிக்கிறது. மேசை நாக்காலிக்கு இது எதுக்குடா?" என்றான் அவன்.

"எங்க காலேஜு பேரும் அந்த மாதிரி நிக்கணும்டா."

நியாயமாக ஒரு பூச்சு போதும். பாசம் மிகுந்து மூன்று பூச்சு அடித்தேன். அடித்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஊரே நமுத்துப்போயிற்று. அதனால் என்ன? விழா ஞாயிறு சாயங்காலம்தானே, அதற்குள் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அங்கிருந்த கரும்பலகையில் 'ஈரம், உட்காராதீர்' என்று பெரிதாக எழுதி வைத்துவிட்டுப் போனேன்.

பிறகு நடந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன், நீங்களே சொல்லுங்கள்.

முதல்வரின் கப்பல் முன்னதாகவே புறப்படுகிறது என்று விழாவைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். எல்லா உறுப்பினர்களுக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். உறுப்பினர்களுக்கு மட்டும்! நாற்காலிக்குப் பெயிண்ட் அடித்தவனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டதாரிக்கும் தோன்றவில்லை. கரும்பலகையில் நான் எழுதியதை யாரோ அழித்து 'முதல்வர் அவர்களே வருக' என்று எழுதியிருக்கிறார்கள். என்ன இருந்தது என்று படித்துவிட்டு அழிக்கக் கூடாதா? (பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை யார் படிக்கிறார்கள்!)

சனிக்கிழமை சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமைப் போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்தச் சந்து முனையில் இருக்கும் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தால், எனக்குப் பின்னால் தெருவில் வரிசையாக டாக்சிகள். வெள்ளைக் கோட்டில் சபாபதி இறங்குகிறார். வெள்ளைக் கால்சட்டையில் கனகசபை இறங்குகிறார். கழுத்தில் மாலையோடு முதல்வர் இறங்குகிறார். பட்டுச்சேலைகளில் மனைவிமார் இறங்குகிறார்கள்.

துள்ளி எழுந்து ஓடினேன்.

"அண்ணே! ஒரு பக்கந்தான் மழிச்சிருக்கு! துணி! என் துணியக் குடுத்துட்டுப் போங்க!" என்று கடைக்காரர் பின்னால் கத்தினார்.

பள்ளி முற்றத்தில் என் நாற்காலிகள் வெயிலில் மினுமினுவென்று வரிசையாக நின்றன. மேலே பால் ஆடைபோல் ஒரு ஏடு கட்டியிருந்தது. விரலால் லேசாகத் தொட்டால் காய்ந்ததுபோலத்தான் தெரியும். ஆள் உட்கார்ந்தால் ஏடு கிழிந்துவிடும். சபாபதி கோட்டைத் தூக்கிக்கொண்டு உட்காரக் குனிந்தார்.

"உக்காராதீங்க! யாரும் உக்காராதீங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, தோளில் நீள வெள்ளைத் துணி, மூச்சிரைக்க நான்.

"வந்துட்டான்லா!" என்றார் சபாபதி. "உக்கார விடமாட்டேன்னு அன்னைக்கே சொன்னான்ல, சொன்ன மாதிரியே வந்துட்டான்!"

"சார், பெயிண்டு! பெயிண்டு!"

"ஆமா, நீ பெயிண்டர்தான், எங்களுக்குத் தெரியும். அந்தாண்ட போ!"

"உமக்கென்ன விசரே?" என்று, பைத்தியமா என்பதை அவர் ஊர்ப் பேச்சில் கேட்டு, கனகசபை நெஞ்சை நிமிர்த்தினார். "நாங்கள் பட்டம் எடுத்தனாங்கள். நாங்கள் இருப்பம்!"

பட்டத்தின் முழு எடையோடும் அவர் உட்கார்ந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் வீம்புக்கு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எம்.ஏ. நடுவிலா ஓரத்திலா என்ற தகராறெல்லாம் என்னை எதிர்ப்பதில் மறைந்து போயிற்று. நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவு அழுத்தி உட்கார்ந்தார்கள். சங்கம் ஒற்றுமையாக இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

முதல்வர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். என் அருகே வந்து, "ஏம்பா, எதுக்கு உக்காரக்கூடாதுங்கிற?" என்று கேட்டார். அந்தக் கூட்டத்திலேயே 'எதுக்கு' என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

காதோடு சொன்னேன். அவர் தமக்கான நாற்காலியை விரலால் அழுத்திப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார்.

"பினாங்குலேருந்து ஊர் ஊரா பேசிக்கிட்டு வரேன்," என்றார் மெதுவாக. "ஆய்வுக்கூடம்னு வாயெடுத்தா கூட்டம் எழுந்து போயிடுது. இவங்களால இப்ப எழுந்திரிக்க முடியாதா?"

"முடியும் சார். ஆனா எழுந்தா பின்பக்கம் தெரியும். பின்னால வராந்தாவுல வீட்டுக்காரம்மாவெல்லாம் உக்காந்திருக்காங்க."

"அது போதும்பா" என்றார் முதல்வர்.

பிறகு சத்தமாக, "கப்பல்ல உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. நான் நின்னுக்கறேன். இவரும் என்கூட நிக்கட்டும்" என்று என் தோளைப் பிடித்தார்.

"சார், அவரு பாஸ் பண்ணல!" என்று பதறினார் சபாபதி.

"நம்ம விடுதியில சாப்பிட்டிருக்காரா?"

"சாப்பிட்டிருக்காராம்…"

"அதைச் சாப்பிட்டும் உயிரோட இருக்கிறவங்க எல்லாரும் பழைய மாணவங்கதான்."

சீனப் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, யாரும் அசையக் கூடாது என்று மலாயில் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. படம் எடுத்தாயிற்று.

உடனே முதல்வர் ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வழக்கம்போல் கனகசபைக்குக் கடைசி பஸ் ஞாபகம் வந்தது. அரைகுறையாக எழுந்தார். பட்டுத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார், கையைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி உட்கார்ந்தார். அடுத்து ஒருவர். பிறகு இன்னொருவர். எழுவதும் தடவுவதும் உட்காருவதுமாக வரிசை முழுவதும் அலை போல ஓடி அடங்கியது. பக்கத்தில் இருப்பவரிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவரவர் மானம் அவரவர் நாற்காலியில்.

முதல்வர் அவசரமே படவில்லை. அஸ்திவாரத்திலிருந்து கூரை வரைக்கும் கட்டி முடித்தார். "நன்கொடை சொல்றவங்க எழுந்திரிக்க வேணாம், உக்காந்தபடியே சொன்னாப் போதும்" என்று பெருந்தன்மையோடு வேறு சொன்னார். எல்லாரும் சொன்னார்கள். குறைத்துச் சொன்னவர்களிடம் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல்களை மறுபடி விவரித்தார். அவர்கள் கூட்டிச் சொன்னார்கள். இருட்டிய பிறகுதான் சபை கலைந்தது. சந்நிதியிலிருந்து சாமிக்கு முதுகு காட்டாமல் நகர்வதுபோல, சுவரோரமாகப் பின்னோக்கி நடந்தே எங்கள் பட்டதாரிகள் டாக்சிக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை எனக்குச் செய்தி வந்தது: இனி பெஞ்சு தூக்கக்கூட வரவேண்டாம். சரி, போகட்டும். ஆய்வுக்கூடம் கட்டினார்கள். வாசலில் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் சலவைக்கல்லில் வெட்டியிருக்கிறதாம். சபாபதி இருக்கிறார், கனகசபை இருக்கிறார், ஆனர்ஸும் இருக்கிறது. என் பெயர் இல்லை. என் பெயிண்ட் இல்லாமல் அதில் ஒரு செங்கல் ஏறியிருக்குமா என்று கேட்கிறேன்!

ஆனால் படம் மண்டபத்தில் இருக்கிறது. அறுபதுகளில் அந்தக் கல்லூரியிலிருந்து வேலைக்கு வந்த இளைஞன் ஒருவன் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்கதானே சார் அந்தப் படத்துல முதல்வர் பக்கத்துல பொன்னாடை போத்திக்கிட்டு நிக்கிறது? சங்கத் தலைவர் நீங்கதான்னு எங்க ஹாஸ்டல்ல சொல்வாங்க." அது முடிவெட்டும் கடைத் துணி என்று நான் சொல்லவில்லை. (எதற்குச் சொல்ல வேண்டும்? சபாபதி சொல்லட்டும்.)

இந்தக் கதை என் மனைவிக்கு எப்படியோ மாரிமுத்து வழியாகப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும், நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் சமையலறையிலிருந்து குரல் வரும்: "பெயிண்ட் காயறதுக்குள்ள கேட்டுடு!" பள்ளிக்கூடச் சப்பாத்து, மிதிவண்டி, மச்சான் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு, எல்லாம் அப்படிப் பறிபோனவைதான்.

கடைசியாக ஒருநாள் என் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் உட்காரும் வரை காத்திருந்து, "அப்பா, நான் காலேஜ் சேரணும். பாதியில நிறுத்த மாட்டீங்களே?" என்று கேட்டாள். வழக்கம்போல் உள்ளங்கையால் அடியில் தடவிப் பார்த்தேன். நாற்காலி நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.