‘ஒக்காருங்க’ எம்.எல்.ஏ. கேட்ட பாலம்

தமிழ்நாட்டுச் சட்டசபையில் எங்கள் எம்.எல்.ஏ. அளவுக்கு உட்காரவைக்கப்பட்ட மனிதர் வேறு எவரும் கிடையாது. எழுந்து வாயைத் திறந்ததுமே சபாநாயகர் “உறுப்பினர் உட்காருங்கள்” என்பார். தேனிப் பக்கம் அவருக்கு ‘ஒக்காருங்க’ என்றே பேர் விழுந்துவிட்டது. கல்யாண வீட்டில் நாற்காலி போட்டு, “ஒக்காருங்கண்ணே” என்று மரியாதையாகச் சொன்னால்கூட, கிண்டலோ என்று முறைப்பார்.

நான் அவருடைய உதவியாளர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பட்ஜெட் கூட்டத்தொடர். சென்னை எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் அவர் அறைதான் ஊருக்கே சத்திரம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர், இன்டர்வியூவுக்கு வந்தவர், சும்மா கடல் பார்க்க வந்தவர்... கட்டிலில் தொகுதி தூங்கும், எம்.எல்.ஏ. தரையில் கிடப்பார். காலையில் பாத்ரூமுக்கும் அவர் க்யூவில்தான் நிற்க வேண்டும்.

அந்த முறை அவர் நினைப்பெல்லாம் ஒரே விஷயம்தான். சுருளிப்பட்டிப் பக்கம் ஓர் ஓடைக்குப் பாலம் கேட்க வேண்டும். மழை பெய்தால் அக்கரைத் தோட்டத்துத் திராட்சை அங்கேயே அழுகும். அங்கே தோட்டம் வைத்திருந்த பஞ்சவர்ணத்தக்காவின் புருஷன், திராட்சைப் பெட்டியைத் தலையில் வைத்துக் கடந்தபோது வெள்ளத்தோடு போய்விட்டார்.

நெடுஞ்சாலை மானியக் கோரிக்கையில் பேச ஒருவழியாக நேரம் கிடைத்தது. தலைவருக்கு நன்றி, மாவட்டத்துக்கு நன்றி, ஒன்றியத்துக்கு நன்றி... பாலத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. “உறுப்பினர் உட்காருங்கள்!”

அன்று அவர் சாப்பிடவில்லை. “ஏப்பா, நன்றி சொல்லியே நாசமாப் போயிட்டேனே!”

கொறடாவின் கையைக் காலைப் பிடித்து, கூட்டத்தொடர் முடிவதற்குள் மறுபடி நேரம் வாங்கினோம். இந்தத் தடவை எழுந்ததுமே, “ஐயா, எங்க ஊர் ஓடையில ஒரு ஆளு செத்துப்போனாரு. பாலம் வேணும்” என்றார். சபை வாயடைத்துப் போனது. செத்தவருக்காக என்று நினைத்துவிடாதீர்கள். தலைவர் பேரைச் சொல்லாமல் ஒருத்தர் பேச்சை ஆரம்பித்துவிட்டாரே என்றுதான்! அமைச்சர், “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்றார்.

பாலம் வரவில்லை. அடுத்த தேர்தலில் கட்சி சீட்டும் தரவில்லை.

ஹாஸ்டலைக் காலி செய்து ஊர் திரும்பிய அன்று நல்ல மழை. “வீட்டுக்குப் போவோம்ணே” என்றேன். கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிட்டார். பின்னால் நானும் இறங்கினேன். அக்கரையில் பஞ்சவர்ணத்தக்கா அழுகிய குலைகளை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆத்தா, பாலம் வராது. எனக்குக் கேட்டு வாங்கத் தெரியல.”

அக்கா கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னார்: “ஓட்டுக் கேக்க எம்புட்டோ பேரு வந்தாக. இல்லைன்னு சொல்ல எவுக வந்தாக?” பிறகு ஓடையைப் பார்த்துவிட்டு, “தண்ணி ஏறுது. சுருக்காப் போங்க. உங்களையும் இழுத்துட்டுப் போயிரும்” என்றார்.

திரும்பும்போது நடு ஓடையில் அண்ணன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் சொன்னார், தனக்கு நீச்சல் தெரியாதென்று.

கரையேறிய பிறகும் அந்தக் கையை விட எனக்கு மனசு வரவில்லை.