தம்பி, யாரு வேணும்?

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு உடம்பளவில் நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள். அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு தலைவலி வந்ததாகக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. தங்கள் துணைவியாருக்கும் என் அன்பைச் சொல்லவும். இத்துடன் மரியாதைப் பகுதி முடிந்தது.

போன மாதம் வந்திருந்தபோது, "மாப்பிள்ளை, நீங்க சிரிச்சு எத்தனை வருஷமாச்சு, கிளம்புங்க" என்று என்னையும் உங்கள் தங்கையையும் ஒரு சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஐம்பது வயது மேலாளர் ஒருவர் அலுவலக லிஃப்டில் ஏறுகிறார், மின்சாரம் போகிறது, கதவு திறக்கும்போது பதினேழு வயதுப் பையனாகச் சட்டை முழங்காலுக்குத் தொங்க வெளியே வருகிறார். வீட்டுக்கு ஓடி மணியடித்தால் மனைவி கதவைத் திறந்து, "தம்பி, யாரு வேணும்?" என்கிறாள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. நீங்கள் உங்கள் தொடையை விட்டுவிட்டு என் தொடையில் அடித்துச் சிரித்தீர்கள். காலமெல்லாம் கூட வாழ்ந்தவள் வாசலில் நின்று யாரு வேணும் என்று கேட்பதில் என்ன வேடிக்கை இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதோடு விட்டீர்களா? திரும்பி வரும்போது காரின் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, "ஏம்மா, உனக்கு மறுபடி பதினேழு வயசானா இவரையே கட்டிக்குவியா?" என்று கேட்டீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். உங்கள் தங்கை சன்னல் வழியாகத் தெருவிளக்குகளைப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்ணா" என்றாள். நீங்கள் அதற்கும் சிரித்துவிட்டு, மறுநாள் ஊருக்கு வண்டியேறிவிட்டீர்கள். அவள் இன்னும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

அன்றிலிருந்து லிஃப்டில் ஏறுவதில்லை. ஏழு மாடியும் படிதான். எடைக்கல்லும் தராசும் சரிபார்க்கும் எங்கள் அலுவலகத்தில், என்னிடம் வேலை பழகி இப்போது எனக்கே மேலதிகாரியாகிவிட்ட மகானுபாவர், "என்ன சார், உடம்பைக் குறைக்கிறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் பதவிக்கு வந்த விதத்தை நான் மறக்கவில்லை. அது வேறு கடிதம். இந்தப் படியேற்றத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. படத்திலும் முதலில் நழுவியது கால்சட்டைதான். அடுத்து ஒரு நாள், தராசுத் தட்டில் பொடி எழுத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்து எழுதி முடித்தபிறகுதான் பார்க்கிறேன், என் மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் நான் படித்தது கல்லூரிக்கும் முந்தைய காலத்தில். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் பதினேழு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது மைத்துனரே. மறுபடி அல்ஜீப்ரா. மறுபடி முகப்பரு. மறுபடி பெண் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் தகப்பனார் என்னை மேலும் கீழும் பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டு, உள்ளேயிருந்து அவள் என்ன சொல்லி அனுப்புவாளோ என்று காத்திருக்க வேண்டும். போன தடவை ஏதோ தப்பித்துவிட்டேன். ஒரே குருட்டு அதிர்ஷ்டம் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை அடிக்குமா?

உங்கள் தங்கையே என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்புரை ஆரம்பிச்சிருக்கு சார். கொஞ்ச நாளைக்குக் கிட்டப் பார்வை நல்லாத் தெரியற மாதிரி இருக்கும், ஆனா தூரத்துல..." என்றார். "வயசானா வர்றதுதானே டாக்டர்?" என்று குறுக்கே கேட்டேன். "ஆமா சார், வயசானாத்தான்." எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் எழுதிக் கொடுத்த தூரப்பார்வைக் கண்ணாடியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். கிழவனென்று நிரூபணமான பிறகு எனக்குக் கண்ணாடி எதற்கு? நான் வெளியே வந்த பிறகும் உங்கள் தங்கை உள்ளே அவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பெண்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன். அங்கேதான் கோட்டைவிட்டேன்.

ஏனென்றால் அதற்கு மறுநாளே கார் சாவி காணாமல் போயிற்று. "தேடிட்டு இருக்கேன்" என்கிறாள், தேடவில்லை. நான் பஸ்ஸில் தொங்குகிறேன். இவள் கான்வாஸ் ஷூ வாங்கியிருக்கிறாள். சமையலறையில் வாய்க்குள்ளேயே பாட்டு. மாலையில் வெளியே போய்விட்டு, முகம் சிவந்து, ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பள்ளிக்கூடப் பெண்போல மூச்சு வாங்கத் திரும்புகிறாள். எங்கே என்றால், "சும்மா, கடைப்பக்கம்." கையில் பை கிடையாது. நேற்றுமுன்தினம் யாரிடமோ போனில், "இன்னிக்கு எனக்குப் பயமே இல்லை சார், நீங்க பக்கத்துல இருந்தா போதும்" என்று சொல்லிச் சிரித்தாள். என்னோடு அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது. நான் தவறான ஆளைக் காவல் காத்திருக்கிறேன். பதினேழுக்குத் திரும்பிக்கொண்டிருப்பது நானல்ல, அவள்.

நேற்று அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, அவள் கிளம்பியதும் பின்னாலேயே போனேன். தெருமுனை விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உள்ளே வாலிபன் ஒருவன் இருந்ததுபோல் தெரிந்தது. கூரையின்மேல் சிவப்பாக ஏதோ மூட்டை. இவள் தயங்காமல் ஏறிக்கொண்டாள். கார் ஒரு குலுக்கு குலுக்கிப் போய்விட்டது. சாமான் மூட்டையைக் கூரையில் கட்டிக்கொண்டு எங்கே போகிறார்கள் மைத்துனரே? வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். அவள் திரும்பி வந்து, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கைவைத்தாள். தம்பி, யாரு வேணும் என்று கேட்டுவிடுவாளோ என்று கண்ணைத் திறக்கவே இல்லை.

எங்கள் கல்யாணப் படத்தில் நீங்கள் குறுக்கே வந்து நின்றதால், மணமகனில் நெற்றி மட்டுமே தெரிகிறது. அதை இதுவரை பொறுத்தேன். இதைப் பொறுக்க மாட்டேன். கேள்வி கேட்டவர் நீங்கள். உடனே புறப்பட்டு வந்து பதிலையும் நீங்களே வாங்கிக் கொடுக்கவும். எந்தப் பதிலானாலும் என்னிடம் மெதுவாகச் சொல்லவும்.

தங்கள் குடும்பம் குறைவின்றி வாழ, பயந்து நடுங்கும் நிலையிலும் வேண்டிக்கொள்ளும்,
தங்கள் தங்கையின் (இன்றைய தேதிவரை) கணவன்.

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அந்த வெள்ளைக் கார் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. இழுப்பறையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். கூரைமேல் இருந்தது மூட்டையல்ல, பலகை. "ஓட்டுநர் பயிற்சி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் உங்கள் தங்கை. வாலிபன் பக்கத்து சீட்டில் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்தபடி இருந்தான். என்னைவிடப் பயந்த ஒரு மனிதனை இன்றுதான் பார்த்தேன். ஆபரேஷன் முடிகிறவரை நான் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா இவளிடம் சொன்னாராம். "சொன்னா என்னை ஓட்ட விட்டிருப்பீங்களா? பயந்தே செத்திருப்பீங்க" என்றாள். அண்ணன் கேட்டதற்கு யோசித்தாயா என்று அப்போதே கேட்டுவிட்டேன். "அதையா இத்தனை நாளா மனசுல வச்சிருந்தீங்க? பதினேழுல நான் சைக்கிள்லயே விழுவேன். இப்பதான் நல்லா இருக்கேன்" என்றாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. நல்ல கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன். கல்யாணப் படம் பற்றி எழுதியது மட்டும் அப்படியே இருக்கட்டும். மற்றதைக் கிழித்துவிடவும். தபால்பெட்டிவரை நடந்துபோகலாம் என்றுதான் வாசலுக்கு வந்தேன்; இந்தக் கடைசி வரிகளை வாசற்படியில் நின்றபடி எழுதுகிறேன். பயிற்சிக்காரன் பின் சீட்டுக்கு மாறிக் கண்ணை மூடிக்கொண்டுவிட்டான். உங்கள் தங்கை முன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கிறாள், "தம்பி, எங்க போகணும்?"