பதினான்கு பேருக்கு ஒரே நாடி

உடலும் ஒழுக்கமும் ஒருங்கே செழித்த இடம் இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது கொலம்பியாவின் காப்பி மலைகளில் இருக்கும் எங்கள் ஊர்ப் படிக்கட்டுப் பராமரிப்பு அலுவலகம்தான். ஊரே செங்குத்து. பாதித் தெருக்கள் படிக்கட்டுகள். அவற்றைப் பராமரிக்கும் மகத்தான பொறுப்பைப் பதினான்கு பேர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறைவேற்றி வந்தோம்.

இது தலைநகர் பொகோட்டாவின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். 'ஆரோக்கியம், ஒழுக்கம், அன்றாட வாழ்வு' என்று ஒரு திட்டம் வந்து இறங்கியது. ஆளுக்கொரு கைப்பட்டை. அது நடையை எண்ணும், நாடியைப் பிடிக்கும், இரண்டையும் உடனுக்குடன் பொகோட்டாவுக்குக் கோள் சொல்லும். நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம் 'சுய சிந்தனை' வேறு எழுத வேண்டும். முதலிடம் பெறும் அலுவலகத்துக்குக் கேடயம் உண்டு.

எங்கள் இயக்குநர் டாக்டர் எவேலியோ. அவர் டாக்டருக்குப் படித்தவரல்ல. இங்கே டை கட்டியவர் எல்லோருமே டாக்டர்தான், நான் உட்பட. அவர் அன்றே கூட்டம் போட்டு, லிஃப்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே படி ஏறினாத்தான் வாழ்க்கை!"

"ஐயோ டாக்டர், அப்ப நாம மேலயும் கீழயும் போகணுமே?" கணக்குப் பிரிவு யானெத் பதறிப்போனாள்.

"நாம எதுக்குப் போகணும்? வேண்டியதெல்லாம் மேல வந்துடுமில்ல!"

வந்தது. கொண்டு வந்தவர் தோன்யா ஒதீலியா. எங்களுக்குத் 'தின்தோ' என்னும் கறுங்காப்பி போட்டுத் தரும் அம்மாள், அறுபத்தொரு வயது. சமையலறை தரைத்தளத்தில், நாங்கள் நான்காம் மாடியில். அவர் ஒப்பந்தக் கம்பெனியின் ஆள் என்பதால் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் வரமாட்டார். எனவே அவருக்குப் பட்டையும் கிடையாது, ஆரோக்கியமும் விதிக்கப்படவில்லை.

முதல் நாள் டாக்டர் எவேலியோ தம் பட்டையைக் காலிக் கோப்பையோடு தட்டில் மறந்து வைத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் பதினோராயிரத்துச் சொச்சம் அடி! மறுநாள் யானெத் மறந்தாள். வாரம் முடிவதற்குள் மறதி அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. 'நடை வருகிறது, நாடி வரவில்லையே' என்று பொகோட்டா முணுமுணுத்தது. உடனே பட்டைகளைத் தட்டிலிருந்து எடுத்துத் தோன்யாவின் கைகளிலேயே மாட்டினோம். இடது கையில் ஏழு, வலது கையில் ஏழு. என்னுடையது இடது மணிக்கட்டில், எல்லாவற்றுக்கும் முதலில்.

"என்ன டாக்டர், மாதா சிலைக்கு நேர்ச்சை கட்டுற மாதிரி கட்டுறீங்க?" என்று சிரித்தார் தோன்யா.

"உங்களுக்கு என்ன நஷ்டம்? எப்படியும் ஏறத்தானே போறீங்க?" என்றாள் யானெத்.

அந்த வெள்ளிக்கிழமை என் சுய சிந்தனையில், 'நடக்க நடக்க மனிதனுக்குப் பணிவு வருகிறது' என்று எழுதிக்கொண்டிருந்தேன். தோன்யா என் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"டாக்டர் ரூபியேல், மூணாவது மாடி தாண்டினா நெஞ்சு தாறுமாறா அடிச்சுக்குது. அந்த லிஃப்ட மட்டும் தொறக்கச் சொல்லுங்களேன். எனக்கு வேணாம், காப்பித் தட்டுக்காச்சும்."

அலுவலக நலக்குழுவின் செயலாளர் நான். கோரிக்கையைக் கூட்டத்தில் முறைப்படி வைத்தேன்.

"லிஃப்ட தொறந்தா நம்ம அடி என்னய்யா ஆகும்?" டாக்டர் எவேலியோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கேடயம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. 'பரிசீலனையில்'னு எழுது."

அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அடுத்த மாதம் பொகோட்டாவிலிருந்து, உண்மையிலேயே டாக்டருக்குப் படித்த ஒரு பெண்மணியிடமிருந்து, அவசரக் கடிதம் வந்தது. 'பதினான்கு ஊழியர்களின் நாடியும் ஒன்றுபோலத் தடுமாறுகிறது. உடனே ஓய்வெடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. அனைவருக்கும் சம்பளத்துடன் ஒரு வார விடுப்பு.' டாக்டர் எவேலியோ இதை உரக்கப் படித்தார். யானெத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த தோன்யா நிமிர்ந்தார். "அப்ப நானும் வீட்ல போய்ப் படுக்கலாமா, டாக்டர்?"

"உங்க பேரு இதுல இல்லையே, தோன்யா."

"நாடி என்னோடதாச்சே!"

"அது நமக்குத் தெரியும். பொகோட்டாவுக்குத் தெரியாதே! ஒரே ஒரு வாரம், சும்மா ஏறி இறங்கிக்கிட்டிருங்க. ஓய்வு வேற, இலக்கு வேற. உங்க ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கணுமில்ல?"

டாக்டர் எவேலியோ சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தோன்யா என்னைப் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பில் ஆழ்ந்திருந்தேன்.

இதய நோயாளிகள் பதினான்கு பேரும் மலைக்கு அந்தப்பக்கம் உள்ள வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்பினோம். இரண்டாம் நாள் காலை கழுத்தளவு தண்ணீரில் கிடந்தபோது டாக்டர் எவேலியோவின் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பொகோட்டா மருத்துவர்தான்.

"பத்து நாப்பதுக்கு உங்க பதினாலு பேர் நாடியும் ஒரே நேரத்துல நின்னுடுச்சு! யாராவது உயிரோட இருக்கீங்களா? ஆம்புலன்ஸ எங்க அனுப்பணும்? சொல்லுங்க, சீக்கிரம்!"

குளத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அலுவலக முகவரியைச் சொல்ல ஒரு மூச்சு போதும். எனக்கு மனப்பாடம், எத்தனை ஆயிரம் கடிதங்களில் எழுதியிருக்கிறேன்!

"ஆம்புலன்ஸா? அதெல்லாம் வேணாங்க," என்றார் டாக்டர் எவேலியோ. "கருவிக் கோளாறு. நாங்க எல்லாருமே சௌக்கியம்."

நான் இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் இறங்கினேன்.

மதியம் காவலாளி மூன்றாம் மாடிப் படியில் தோன்யாவைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் வெறும் தட்டு கிடந்ததாம். ஆளில்லாத மாடிக்கு எதற்குத் தட்டு என்று அவருக்கு விளங்கவில்லை. அடக்கத்துக்கு அலுவலகத்தின் சார்பில் பெரிய மலர்வளையம் போனது. எங்களால் போக முடியவில்லை. மருத்துவ விடுப்பில் இருந்தோம்.

கேடயம் வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அதோடு ஒரு படிவமும் வந்தது: எங்கள் பதினான்கு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'இதயத் துடிப்பு: இல்லை'. கீழே, 'பிழை இருந்தால் திருத்தி அனுப்பவும்' என்று அச்சிட்டிருந்தது.

செயலாளர் என்ற முறையில் பேனாவை எடுத்துக்கொண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். திருத்தும்படியான பிழை எதுவும் தென்படவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.