வாத்து பார்க்கப் போன மாப்பிள்ளை

பெண் கேட்டுப் போகிறவன் பூ, பழம், வெற்றிலையோடு போவதுதான் வழக்கம். சட்டைப் பையில் அணுகுண்டு வெடியோடு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

2004 வாக்கில் நடந்தது. கொடைக்கானல் மலைக்கிராமமான பூண்டியில் எங்களுக்குக் கேரட் தோட்டம். கொடைக்கானலில் நர்ஸாக இருந்த செல்வியை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது (ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை). அவள் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பறவைப் பைத்தியம். ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து வலசை வரும் வாத்துகளைப் பார்க்க நீர்த்தேக்கக் கரையில் தவம் கிடப்பார். அவரிடம் நல்ல பேர் வாங்குவதற்காக, எனக்கும் பறவை என்றால் உயிர் என்று அளந்துவிட்டேன். எங்கள் தோட்டத்தில் பறவை என்றால் தகர டப்பாவைத் தட்டி விரட்டுகிற சமாச்சாரம், அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை வெள்ளனே வாங்க தம்பி. பறவையப் பாத்துட்டு, அப்படியே கல்யாணப் பேச்சையும் பேசிருவோம்" என்றார்.

முந்தின ராத்திரி முழுக்கக் காட்டுமாடு வராமல் தோட்டத்தில் காவல். அங்கிருந்தே நேராகக் கரைக்குப் போனேன், வெடியும் தீப்பெட்டியும் பையில் இருப்பதை மறந்து. இருமக்கூடாது, அசையக்கூடாது, ஏன் கொட்டாவிகூட விடக்கூடாது என்றார் சார். பனிக்குள்ளிருந்து வாத்துகள் கூட்டமாக வந்து தண்ணீரில் இறங்கின. அழகாகத்தான் இருந்தது. நான் தூங்கிவிட்டேன்.

விழித்தால் பக்கத்தில் சாரைக் காணோம். சற்றுத் தள்ளிக் கோரைக்குள் கன்னங்கரேலென்று ஒரு முதுகு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. காட்டுமாட்டைக் கண்டால் பூண்டிக்காரன் கை யோசிக்காது. பற்றவைத்து வீசினேன்.

மலையெல்லாம் அதிர்ந்தது. நீர்த்தேக்கத்தில் இருந்த அத்தனை வாத்தும் ஒரே நேரத்தில் கிளம்பி, வந்த திசைக்கே திரும்பின. கோரைக்குள் இருந்த முதுகு இரண்டு காலில் எழுந்து நின்றது. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாத்துகளைக் கிட்டத்தில் பார்க்கத் தவழ்ந்து போன என் வருங்கால மாமனார்.

"காட்டுமாடுன்னு நெனச்சுட்டேங்க" என்றேன்.

அவர் விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தார். செல்வி இனி எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டி, இவனுக்கா பெண் கொடுப்பது என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துச் சிரித்து அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணமான நாள்லருந்து அந்த வெடியப் போடணும்னு நான் நெனச்சுக் கெடந்தேன். தம்பி போட்டுருச்சு. வெரசாத் தேதியக் குறிங்க."

குறித்தார்கள். இன்றும் ஐப்பசி வந்தால் மாமனார் என்னைக் கூட்டிக்கொண்டுதான் கரைக்குப் போகிறார். கிளம்பும்போது வாசலிலேயே என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிடுவார். கறுப்புக் கம்பளி பரணில் கிடக்கிறது. இப்போது அவர் போர்த்துவது, அத்தை வாங்கிக் கொடுத்த பளீர் மஞ்சள் சால்வை.